ராக் பேண்டிலிருந்து பின்னணி இசைக்கு: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை முழுவதுமாகப் படித்தேன். மகன் பிளஸ் 1 முடிக்கப் போகிறான். எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறான், நண்பர்களோடு சேர்ந்து ஒரு ராக் பேண்ட் வைத்திருக்கிறான். இன்ஜினீயரிங் வேண்டாம், ட்ரென்ட் ரெஸ்னர் மாதிரி டார்க் படங்களுக்குப் பின்னணி இசை போடுவதுதான் என் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டான். யார் அந்த ரெஸ்னர் என்று நீங்கள் தேடிப் பார்த்திருக்கிறீர்கள். உடம்பெல்லாம் சேறோடு மேடையில் நின்று கத்தும் 1994 வுட்ஸ்டாக் வீடியோ கண்ணில் பட்டிருக்கிறது. அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

இதெல்லாம் ஒரு தொழிலா, என்ன படிக்க வைப்பது, இப்படிப்பட்ட இசையிலேயே ஊறிக் கிடந்தால் பையன் மனசு கெட்டுப் போகாதா என்று மூன்று கேள்விகள் கேட்கிறீர்கள். மூன்றாவதைக் கடைசி வரியில் தயங்கித் தயங்கி எழுதியிருந்தாலும், உங்களை எழுத வைத்ததே அதுதான் என்று எனக்குப் படுகிறது. அந்த வீடியோவில் பார்த்தவர் யார், எப்படி சினிமாவுக்கு வந்தார் என்று முதலில் சொல்கிறேன். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

ரெஸ்னர் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து மெர்சர் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். சின்ன வயதிலேயே முறையாகப் பியானோ கற்றார். பள்ளியின் பேண்டுகளில் சாக்ஸஃபோனும் டியூபாவும் வாசித்தார். கல்லூரியில் கணினிப் பொறியியலில் சேர்ந்து, ஒரு வருடத்தில் விட்டுவிட்டு, க்ளீவ்லாந்து நகரத்துக்குப் போனார். இதை உங்கள் மகன் கட்டாயம் தெரிந்து வைத்திருப்பான். ‘அவரே காலேஜை விட்டவர்தானே’ என்று உங்களிடம் வாதாடுவான். அடுத்து நடந்ததையும் அவனோடு பேசுங்கள். அங்கே ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் உதவிப் பொறியாளராகவும் துப்புரவுப் பணியாளராகவும் சேர்ந்தார். தரையைத் துடைத்தார். முன்பதிவு இல்லாத நேரங்களில் ஸ்டுடியோவை இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ள அதன் உரிமையாளர் அனுமதித்தார். அந்த நேரங்களில் தன் பாடல்களைத் தானே பதிவு செய்து பழகினார். அங்கே பிறந்ததுதான் அவருடைய ராக் குழு ‘நைன் இன்ச் நெய்ல்ஸ்’. முதல் ஆல்பம் வெளிவந்தது 1989-இல்.

அவர் முழுநீளப் படம் ஒன்றுக்குப் பின்னணி இசை அமைத்தது 2010-இல், 45 வயதில். நடுவில் 21 வருடங்கள் ஓடிவிட்டன. அந்த வருடங்களில் மேடையைத் தவிர வேறு பல வேலைகளும் பார்த்தார். படங்களின் இசைத் தொகுப்புகளைத் தயாரித்துக் கொடுத்தார். 1996-இல் ‘க்வேக்’ என்ற வீடியோ கேமுக்கு இசையும் ஒலிகளும் செய்தார். 2008-இல் பாட்டே இல்லாமல், வெறும் வாத்திய ஒலிகளால் ஆன 36 துண்டுகளை ஒரு தொகுப்பாக இணையத்தில் வெளியிட்டார். ஹிட் ஆக வேண்டும் என்று செய்ததல்ல. ஆனால் இயக்குநர் டேவிட் ஃபின்சர் தன் ‘தி சோஷியல் நெட்வொர்க்’ படத்தை எடிட் செய்துகொண்டிருந்தபோது, தற்காலிகமாக அந்தத் துண்டுகளைத்தான் காட்சிகளின் மேல் போட்டுப் பார்த்தார். பொருந்திவிட்டது. இசையமைக்கக் கேட்டபோது ரெஸ்னர் முதலில் மறுத்தார். பிறகு ஒப்புக்கொண்டு, ஆட்டிகஸ் ராஸ் என்ற பிரிட்டிஷ் இசைஞரோடு சேர்ந்து செய்தார். 2011-இல் இருவருக்கும் ஆஸ்கர் கிடைத்தது. ராஸ் பல வருடங்களாக அவரோடு ஸ்டுடியோவில் உட்கார்ந்து வேலை பார்த்த ப்ரோகிராமர் (கணினியில் இசை ஒலிகளை அமைப்பவர்), இசைத் தயாரிப்பாளர். மேடையில் கைதட்டு வாங்கும் இடம் அப்போது அவருடையதாக இருக்கவில்லை. மகன் ராஸைப் பற்றியும் படிக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். நம் பிள்ளைகளில் பலருக்கு வேலை கிடைக்கப் போவது அவர் உட்கார்ந்திருந்த மாதிரி நாற்காலியில்தான்.

அந்தப் படத்தில் ஒரு விஷயத்தை நீங்களும் மகனும் சேர்ந்து கேட்க வேண்டும். தொடக்கத்தில், காதலி விட்டுப்போன இளைஞன் இரவில் தனியாகக் கல்லூரி வளாகத்தில் நடந்து போகிறான். ஒற்றைப் பியானோ, விட்டு விட்டுச் சில சுரங்கள். அடியில் கம்பி அதிர்வது போல ஓர் இரைச்சல். இதே மெட்டு படத்தில் திரும்பவும் வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் பியானோ இன்னும் தள்ளிப் போய்க் கேட்கும். மைக்கைப் பியானோவுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு பதிவு, தள்ளி வைத்து ஒன்று, இன்னும் தள்ளி வைத்து ஒன்று எடுத்தார்கள். அந்தப் பையன் மனிதர்களிடமிருந்து விலகிப் போகப் போக இசையும் விலகுகிறது. புது ராகம் இல்லை, புது வாத்தியம் இல்லை, மைக் நகர்ந்தது மட்டும்தான். கதையைப் புரிந்துகொண்டவனுக்கும் ஸ்டுடியோவில் கை பழகியவனுக்கும்தான் இந்த யோசனை வரும். வேகமாக கிட்டார் சோலோ வாசிக்கத் தெரிந்தால் மட்டும் வராது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேண்டில் இசைதான் எஜமான். சினிமாவில் காட்சிதான் எஜமான். உங்கள் மகன் இந்த இரண்டாவது வேலையை விரும்புகிறானா, அல்லது ஆஸ்கர் மேடையை மட்டும் விரும்புகிறானா என்பதுதான் நாம் இப்போது கண்டுபிடிக்க வேண்டியது. படிப்பு, கல்லூரி எல்லாம் அதற்கு அப்புறம்.

ராக் இசைஞர்களை இருண்ட கதைகளுக்கு ஏன் தேடிப் போகிறார்கள் என்றால், இரைச்சல், ஃபீட்பேக் (ஸ்பீக்கர் ஒலி திரும்பவும் உள்ளே போய் ஊளையிடுவது), டிஸ்டார்ஷன் (கிட்டார் ஒலியைக் கரகரவென்று சிதைப்பது), நீண்டு நிற்கும் ஒற்றைச் சுரம் இதையெல்லாம் வைத்தே பேசப் பழகியவர்கள் அவர்கள். இங்கே சோகம், இங்கே பயம் என்று மெட்டுப் போட்டுச் சொல்லாமலே அறையின் காற்றைக் கனமாக்கத் தெரியும். ஆனால் அதே கிட்டார் ஒரு சிக்கலும் கொண்டுவரும். வசனம் தெளிவாகக் கேட்பதற்குத் தேவையான அதிர்வெண்கள் சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து ஏறத்தாழ 4,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கின்றன. டிஸ்டார்ஷன் போட்ட கிட்டாரும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். நடிகர் பேசும்போது கிட்டார் வழிவிட வேண்டும். கீழே இறங்கி ட்ரோன், அதாவது அடியில் நீண்டு ஒலிக்கும் ஒற்றைச் சுரம் ஆக வேண்டும், அல்லது வாயை மூடிக்கொள்ள வேண்டும். தன் வாத்தியத்தைத் தானே ம்யூட் செய்யத் தெரிவது பெரிய பயிற்சி. பதினாறு வயதில் அது கசக்கும்.

இன்னொரு படத்தையும் சொல்லியாக வேண்டும். 2014-இல் வந்த ‘கான் கேர்ள்’. ஸ்பாவில் ஒலிக்கும் இசை ஒன்றை ஃபின்சர் கேட்டிருக்கிறார். எல்லாம் நலமே என்று நம்ப வைக்கப் பார்க்கும் போலியான இனிமை. அப்படி ஒன்றைச் செய்து, பிறகு அது உள்ளுக்குள்ளேயே திரிந்து போக வேண்டும் என்று ரெஸ்னரிடம் கேட்டார். கெட்டவன் வரும்போது ‘டம்’ என்று அடிப்பது சுலபம். நல்ல மனைவியாகத் தெரிபவளின் பின்னால் இதமான இசையைப் போட்டு, அந்த இதத்திலேயே கேட்பவருக்கு ஒவ்வாமை வர வைப்பது எவ்வளவு நிதானமான வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், அம்மா.

ரெஸ்னர் 1990-களில் குடியிலும் போதையிலும் சிக்கியது உண்மை. அவரே பலமுறை வெளிப்படையாகப் பேசியது. 2001-இல் சிகிச்சை எடுத்து மீண்டார். அவருடைய திரைப்படப் பின்னணி இசை எல்லாமே அதற்குப் பிறகு வந்தது. 2011-இன் ‘தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ’ படத்துக்காக அவரும் ராஸும் வெளியிட்ட இசை கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், 39 துண்டுகள். கொலையும் வன்கொடுமையும் நிறைந்த கதை, எலும்பு வரை குளிரும் இசை. அவ்வளவையும் குறித்த தேதிக்குள் கொடுக்கிறவர் காலையில் நேரத்துக்கு எழுந்து ஸ்டுடியோவுக்குப் போகிறவராகத்தான் இருக்க முடியும். போதையில் கிடப்பவரால் ஒரு பாட்டு எழுத முடியலாம். இயக்குநர் திருத்தம் சொல்லச் சொல்ல ஒரு காட்சியின் இசையைத் திரும்பத் திரும்ப மாற்றிக் கொடுக்க முடியாது. இருட்டை இசையில் கொண்டுவருவது கைத்தொழில். அதைச் செய்பவனுக்குத் தூக்கமும் சாப்பாடும் நண்பர்களும் மற்றவர்களைவிட அதிகமாகத் தேவை. இதை மகனிடம் அறிவுரையாகச் சொல்லாமல், அவன் மதிக்கும் மனிதரின் வரலாறாகச் சொல்லுங்கள். கேட்பான்.

அவன் என்ன கேட்கிறான் என்பதை வைத்து அவன் மனநிலையை எடை போடாதீர்கள். எப்படி இருக்கிறான் என்று பாருங்கள். சரியாகத் தூங்குகிறானா, நண்பர்களோடு பேசுகிறானா, பிராக்டிஸுக்குப் போகிறானா? உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் மூன்றுக்கும் ஆம் என்றுதான் தெரிகிறது. அந்த இசையைக் கேட்டுவிட்டு நண்பர்களிடம் உற்சாகமாகப் பேசுகிறான் என்கிறீர்கள். அது ஆரோக்கியமான பிள்ளையின் அடையாளம். மாறாக, கிட்டாரையே தொடாமல் மூலையில் வைத்துவிட்டு, யாரோடும் பேசாமல், வாழ்வதில் அர்த்தமில்லை என்பது போலப் பேசினால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அப்படி ஒரு நிலை வந்தாலும் காரணம் இசை என்று முடிவு கட்டிக் கிட்டாரைப் பிடுங்கிவிடாதீர்கள். பல பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே பிடி அதுதான்.

படிப்பு விஷயத்தில் என் யோசனை கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். பட்டத்தின் பெயரைவிட, பக்கத்து பெஞ்சில் யார் உட்காரப் போகிறார்கள் என்று பாருங்கள். பின்னணி இசைக்கு ஆள் எடுக்கும் நேர்முகத் தேர்வு எங்கும் கிடையாது. ஓர் இயக்குநர் நம்பிக் கூப்பிட வேண்டும். ஆஸ்கர் வாங்கிய இசையமைப்பாளரை முதல் படம் எடுப்பவர் கூப்பிட மாட்டார். கூடப் படித்தவனைக் கூப்பிடுவார். ‘பாப் வில் ஈட் இட்செல்ஃப்’ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் க்ளின்ட் மான்செல், அந்தக் குழு கலைந்த பிறகு, சினிமா அனுபவமே இல்லாமல் இசையமைத்த படம் 1998-இன் ‘பை’. இயக்குநர் டேரன் அரனோஃப்ஸ்கிக்கும் அது முதல் படம், மிகச் சின்ன பட்ஜெட். இரண்டு வருடம் கழித்து அதே இருவர் ‘ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்’ கொண்டுவந்தார்கள். நம் ஊரிலும் இதுவே நடந்தது. குறும்படப் போட்டி நிகழ்ச்சியிலிருந்து வந்த கார்த்திக் சுப்பராஜின் முதல் படமான ‘பீட்சா’வுக்கு இசையமைத்தவர், அதே 2012-இல்தான் அறிமுகமான சந்தோஷ் நாராயணன். அதற்கு முன் அவர் ஒலிப்பதிவு வேலையிலும் ப்ரோகிராமிங்கிலும் இருந்தவர்.

ஆகவே, விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) நன்றாக நடக்கும் ஒரு கல்லூரியில், விஸ்காமோ வேறு ஏதாவது மூன்று வருடப் பட்டமோ படிக்கட்டும். குறும்படம் எடுக்கும் மாணவர்கள் அங்கே இருப்பார்கள், அவர்களுக்கு இசை போட ஆள் கிடைக்காது. இன்னொரு வழி, சென்னை தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியின் ஒலிப்பதிவுப் பட்டப்படிப்பு. அரசுக் கல்லூரி என்பதால் செலவு குறைவு, இடங்களும் குறைவு. எனவே இது ஒன்றையே நம்பி உட்கார வேண்டாம். பட்டத்துக்குப் பிறகு புனே எஃப்.டி.ஐ.ஐ., கொல்கத்தா சத்யஜித் ரே நிறுவனம் ஆகிய இரண்டு திரைப்படக் கல்லூரிகளிலும் ஒலித்துறையில் முதுநிலைப் படிப்பு உண்டு. இப்படிப்பட்ட படிப்புகளுக்குப் பள்ளியில் இயற்பியல் படித்திருப்பது பெரும்பாலும் உதவும். ஆகவே பிளஸ் 2-வில் இயற்பியலை நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். தகுதி விதிகளை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். இசையையே முழுநேரமாகப் படிக்க விரும்பினால் ஏ.ஆர். ரஹ்மான் 2008-இல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது. ரஹ்மானும் இளவயதில் ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற சென்னை ராக் குழுவில் இருந்தவர் என்பது மகனுக்குத் தெரிந்திருக்கலாம். அவர் சினிமாவுக்கு முன் விளம்பரங்களுக்கு ஜிங்கிள் போட்டுப் போட்டுத்தான் கையைக் கூர்மையாக்கிக்கொண்டார்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஆடியோ இன்ஜினீயரிங் டிப்ளமோ என்று பெரிய விளம்பரத்தோடு வரும் இடங்களுக்காக, இப்போதே வீட்டையோ நகையையோ அடகு வைக்காதீர்கள். வெளிநாட்டுப் படிப்புக்கும் இதையேதான் சொல்வேன். பையன் ஐந்தாறு குறும்படங்களை முடித்துக் கொடுத்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கலாம்.

இப்போது வாங்கித் தர வேண்டியது கொஞ்சம்தான். வீட்டில் ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் இருந்தால், இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிட்டாரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி), கம்ப்யூட்டரில் உள்ள ஒலிகளை வாசிக்க ஒரு சின்ன மிடி கீபோர்டு, மூடிய ஹெட்ஃபோன், ஒரு மைக். இசைப் பதிவு மென்பொருளுக்கு ரீப்பர் போன்ற மலிவான ஒன்று போதும். கிட்டாரோடு கீபோர்டும், மேற்கத்திய முறையில் சுரம் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனும் கற்கட்டும். டிரினிட்டி கிரேடு என்ற மேற்கத்திய இசைத் தேர்வு எழுதினால் ஒரு ஒழுங்கு வரும். பேண்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். நான்கு பேரோடு ஒத்துப் போவது, அடுத்தவன் சொல்லும் குறையைக் கேட்பது, மேடையில் கம்பி அறுந்தாலும் நிறுத்தாமல் வாசிப்பது எல்லாம் அங்கேதான் வருகிறது. பிரிட்டனின் ‘ரேடியோஹெட்’ குழுவின் கிட்டார்க்காரர் ஜானி க்ரீன்வுட் பள்ளி நாட்களில் இளையோர் இசைக்குழுவில் வயோலா வாசித்தவர். பிறகு பிபிசி கான்செர்ட் ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதினார். அந்த எழுத்துதான் 2007-இல் ‘தேர் வில் பி ப்ளட்’ படத்தின் நடுங்க வைக்கும் வயலின்களாகக் கேட்டது. ராக்கையும் சுரம் எழுதுவதையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை. எழுதத் தெரியாமலே வருபவர்களும் உண்டு. ராக் குழுவிலிருந்து வந்த ஹாலிவுட் இசையமைப்பாளர் டேனி எல்ஃப்மேனுக்கு, அவர் குழுவின் கிட்டார்க்காரர் ஸ்டீவ் பார்டெக்கே ஆர்கெஸ்ட்ரேஷன் (எந்த வாத்தியம் எதை வாசிக்கும் என்று பிரித்து எழுதுவது) செய்து தோள் கொடுத்தார். நல்ல நண்பன் இருந்தால் குறையை நிரப்பிக்கொள்ளலாம்.

நம் ஊரில் ஒரு வித்தியாசம் உண்டு, மகன் அதைத் தெரிந்தே வர வேண்டும். ஹாலிவுட்டில் பின்னணி இசை மட்டும் செய்பவர்கள் ஏராளம். தமிழ்ப் படத்தில் ஒரே இசையமைப்பாளர் பாட்டும் போட வேண்டும், ரீரெக்கார்டிங்கும் (பின்னணி இசையும்) செய்ய வேண்டும் என்றுதான் பெரும்பாலும் எதிர்பார்ப்பார்கள். எனக்கு பிஜிஎம் மட்டும் போதும் என்றால், தொடக்கத்தில் இன்னொருவரிடம் ப்ரோகிராமராகவோ உதவியாளராகவோ இருக்க வேண்டி வரும், பெயர் டைட்டிலில் சிறியதாக வரும். வெப் சீரிஸ், ஆவணப்படம், கேம், விளம்பரம் எல்லாம் சேர்ந்துதான் வருமானம். முதல் சில வருடங்கள் கை கடிக்கும். கிட்டார் வகுப்பு எடுப்பது, டப்பிங் ஸ்டுடியோவில் வசனப் பதிவு, மேடை நிகழ்ச்சிக்கு சவுண்ட் பார்ப்பது போன்ற வேலைகளைச் செய்யத் தயாராக இருக்க வேண்டும். எந்த வேலைக்கும் வாய்மொழியில் ஒப்புக்கொள்ளாமல் எழுத்தில் வாங்கிப் பழகட்டும். 2012-இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின்படி, தியேட்டரில் படத்தோடு சேர்ந்து ஓடுவதைத் தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கான ராயல்டிப் பங்கை இசையமைப்பாளர் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுத்துவிட முடியாது. இந்த ஒரு வரியைத் தெரியாமல் கையெழுத்துப் போடும் இளைஞர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

மே மாத விடுமுறையில் அவனுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். மூன்று நிமிடக் காட்சி ஒன்று, யாராவது நண்பன் போனில் எடுத்தாலும் போதும்: இரவு, வீட்டுக்குத் திரும்பும் ஒருவர், பூட்டியிருக்க வேண்டிய கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே யாரோ இரண்டு வரி பேசுகிறார்கள். அதற்கு மூன்று விதமாக இசை அமைக்கட்டும். முதலாவதில் கிட்டாரைத் தொடவே கூடாது. இரண்டாவதில் கிட்டார் மட்டும், ஆனால் கிட்டார் என்று கண்டுபிடிக்க முடியக் கூடாது. மூன்றாவதில் மொத்தம் இருபது விநாடிக்கு மேல் இசை இருக்கக் கூடாது; எந்த இருபது விநாடி, ஏன் என்று ஒரு தாளில் எழுத வேண்டும். பிறகு அந்த நண்பன், படம் எடுத்தவன் என்ற உரிமையில், பிடிக்காததைச் சொல்லட்டும். இவன் மாற்றிக் கொடுக்கட்டும். மறுபடி சொல்லட்டும், மறுபடி மாற்றட்டும்.

ஜூன் முதல் வாரத்தில் இருவரும் வாருங்கள். மூன்று பதிவுகளோடு, நண்பன் சொன்ன திருத்தங்களின் பட்டியலையும் கொண்டுவரச் சொல்லுங்கள். நான் முதலில் பார்க்கப் போவது அந்தப் பட்டியலைத்தான். அவனுடைய அப்பாவும் வர முடிந்தால் நல்லது. பிளஸ் 1 மதிப்பெண் பட்டியல் இருந்தால் எடுத்து வாருங்கள், கல்லூரிகளை அன்றே உட்கார்ந்து குறித்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்